ஏரியலின் மறுபாதி

பழைய காரில் ரேடியோ சரியாக எடுக்கவில்லை என்றதும் பழி முழுவதும் செட்டின் மேல்தான் விழும். டாஷ்போர்டில் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே. கடைக்குப் போனால் அரை மணி நேரத்தில் பழையதைப் பிடுங்கிவிட்டு, பட்டனெல்லாம் நீல நிறத்தில் எரியும் புது செட் ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவார்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் அதே கரகரப்பு. திண்டுக்கல்லில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பட்டறை வைத்திருக்கிறேன். ரேடியோ எடுக்கவில்லை என்று என்னிடம் வரும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 வண்டிகளில் செட் உண்மையாகவே செத்திருப்பது அபூர்வம். கோளாறு செட்டுக்கு வெளியே, மட்கார்டுக்கு அடியிலோ பானெட்டுக்கு உள்ளேயோ, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கும்.

எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மேற்கே மலை மேல் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், அதுவும் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில். எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். கோபுரம் நிற்கும் உயரம்தான் அது போகும் தூரத்தைத் தீர்மானிக்கிறது. 2,000 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 180 கிலோமீட்டர் வருகிறது. மதுரை, தேனி, கரூர் என்று இத்தனை மாவட்டத்துக்காரர்களும் அதைத் தங்கள் ஊர் ஸ்டேஷனாக நினைப்பதற்கு அந்த மலைதான் காரணம். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் சொச்சம். ஆகவே என் பட்டறை வாசலில் நிற்கும் ஒரு வண்டியில் 100.5 சுத்தமாக எடுக்கவில்லை என்றால் கோளாறு வண்டியில்தான் இருக்கிறது. வேலையைத் தொடங்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்கு வேண்டாம்.

அளவுகோல் இல்லாத ஊரில் இருப்பவர்கள் முதலில் ஸ்டேஷனைச் சோதிக்க வேண்டும். கையடக்க ரேடியோ ஒன்றைக் காருக்கு வெளியே, பத்தடி தள்ளிப் பிடித்து அதே ஸ்டேஷனை வைத்துப் பாருங்கள். அதிலும் மோசமாக வந்தால் காரில் கை வைக்கவே வேண்டாம். மீடியம் வேவ் கேட்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 936-ல் திருச்சி, 1269-ல் மதுரை, 1197-ல் திருநெல்வேலி என்று முள் நிற்கும் இடத்தை வைத்தே ஊர் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் பிரசார் பாரதி கடந்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டது. நின்றுபோன ஸ்டேஷனை எந்த ஏரியலும் பிடித்துத் தராது. இன்னொன்று, டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு. அது பழைய செட்டில் ஏற்ற இறக்கமே இல்லாத ஓர் 'உஸ்' சத்தமாகக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு செட் கெட்டுப்போனதாக முடிவுகட்டி வருகிறவர்கள் உண்டு.

ஸ்டேஷன் சரியாக இருக்கிறது என்றால் அடுத்தது ஏரியல். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் கம்பி ஏரியலை முழுதாக இழுத்து அளந்தால் பெரும்பாலும் 75-லிருந்து 90-க்குள் இருப்பது இதனால்தான். கார் கழுவும் இடத்தில் கம்பி ஒடிந்து, மிச்சமிருக்கும் ஒரு சாண் துண்டோடு ஓடும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். அதற்கு மருந்து புதுக் கம்பி மட்டுமே.

கம்பி முழுதாக இருந்தும் எடுக்கவில்லை என்றால்தான் வேலை ருசிக்க ஆரம்பிக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஏரியலில் பாதிதான். மறுபாதி வண்டியின் தகரம். கம்பியின் அடியில் உள்ள வளையம் மட்கார்டின் இரும்பை நேராகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கடி விட்டுப்போனால் ஏரியல் ஒற்றைக் காலில் நிற்கிற ஆளைப் போலத் தள்ளாடும். வெயில் நேரத்தில் எடுக்கும், மழை வந்தால் எடுக்காது. கதவைச் சாத்தினால் எடுக்கும், மேடு பள்ளத்தில் விழுந்தால் போய்விடும். இப்படி மனம் போன போக்கில் வந்து போகும் கோளாறைச் சொல்லக் கேட்டாலே என் கை பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடிப் போகும்.

வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பத்மினியை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியைப் பிள்ளையைப் போல வைத்திருந்தார். அண்மையில்தான் பட்டி பார்த்து முழுசாகப் பெயிண்ட் அடித்திருந்தது.

"தம்பி, செட்டு போச்சுன்னு ரெண்டு கடையில சொல்லிட்டாங்க. எனக்கு என்னமோ அப்படித் தோணல. பெயிண்ட் அடிக்கிற வரைக்கும் நல்லாத்தான் பாடிச்சு" என்றார்.

"நீங்களே பாதி வேலைய முடிச்சுட்டீங்க சார். செட்ட நாம தொடவே வேண்டாம்" என்றேன்.

செட்டின் பின்னாலிருந்து ஏரியல் பிளக்கை உருவிக்கொண்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன். பிளக்கின் நடு ஊசிக்கும் வெளிக் கம்பியின் நுனிக்கும் இடையே சுழியத்தை ஒட்டிய அளவு. நல்லது, வயர் அறுந்துபோகவில்லை. நடு ஊசிக்கும் பிளக்கின் வெளி உறைக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. காட்டவில்லை. ஆக, உள்ளே தண்ணீர் இறங்கிக் கசிவும் ஏற்படவில்லை. கடைசியாக பிளக்கின் வெளி உறைக்கும் கதவுக் கீலில் சுரண்டிவிட்ட வெற்று இரும்புக்கும் இடையே வைத்தேன். ஒரு ஓமுக்குள் நிற்க வேண்டிய முள் அறுபதுக்கும் நூற்றுக்கும் இடையே ஆடியது. கம்பியை லேசாக அசைத்தால் காணாமலே போனது.

மட்கார்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஏரியலின் அடிநட்டைச் சுற்றி காய்ந்த சேறு. அதைத் தட்டிவிட்டு நட்டைக் கழற்றினேன். பல் வைத்த வாஷர் கையோடு வந்தது. அதன் மூன்று பற்களும் தகரத்தைத் தொடவே இல்லை. பெயிண்ட் அடிக்கும்போது ஓட்டையின் அடிப்பக்கம் வரை பட்டி வழிந்து, அதன் மேல் பிரைமர், அதன் மேல் கறுப்பு அண்டர்கோட் என்று மூன்று அடுக்கு. பற்கள் அந்த அடுக்கில் பதிந்து நின்றன. பளபளப்பாக இருந்த மேல்பக்கத்தில் நான் கை வைக்கவில்லை. அடிப்பக்கத்தில் மட்டும் ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு மஞ்சள் பட்டி, கடைசியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. வாஷரின் பற்களை அரத்தால் கூராக்கி, வெற்று இரும்பில் வாசலின் தொட்டு வைத்து, நட்டை இறுக்கினேன். இரும்பு மறுபடி துருப்பிடிக்காமல் வாசலின் பார்த்துக்கொள்ளும். பற்கள் அதைத் தாண்டிக் கடித்துக்கொள்ளும். மீட்டர் 0.3-ல் வந்து அசையாமல் நின்றது. பிளக்கை செருகி செட்டைப் போட்டதும் 100.5 வீட்டு ரேடியோவைப் போலப் பாடியது. அந்த செட்டுக்குள் நான் ஒரு ஸ்குரூவைக்கூடத் தளர்த்தவில்லை.

பெயிண்ட் கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வேலை தகரத்தை மூடுவது. பெயிண்ட் வேலை முடிந்து வந்த வண்டிக்கு எர்த் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது எங்கள் பொறுப்பு.

ஏரியலிலிருந்து செட்டுக்குப் போகும் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் அதிக அநியாயம் நடப்பது அங்கேதான். பழைய கார் ஏரியல் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே தலைமுடி அளவுக்கு மெல்லிய கம்பி, நேராக இல்லாமல் நெளிநெளியாக, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் தொளதொளவென்று கிடக்கும். சுற்றிலும் காற்று. பார்த்தால் மட்டமான சாமான் மாதிரி இருக்கும். அது அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 320 மீட்டர். அதற்கு முன்னால் நம் 75 சென்டிமீட்டர் கம்பி ஒரு துளி. அந்தத் துளிக் கம்பி பிடிக்கும் சிக்னல் மிகச் சிறியது. கேபிளின் நடுக்கம்பிக்கும் குழாயைச் சுற்றியிருக்கும் உலோக வலைக்கும் இடையே உள்ள கொள்திறன் அதிகமானால், சிக்னல் செட்டுக்கு வந்து சேரும் முன்பே எர்த்துக்கு வழிந்துபோகும். மெல்லிய கம்பியும் சுற்றியுள்ள காற்றும் அந்தக் கொள்திறனைக் குறைத்து வைக்கின்றன. கேபிள் போதவில்லை என்று கேபிள் டி.வி. வயரை வெட்டி ஒட்டுப்போட்டால் எஃப்.எம். தப்பித்துக்கொள்ளும். மீடியம் வேவ் அடியோடு படுத்துவிடும். "எஃப்.எம். நல்லா எடுக்குது, ஆல் இந்தியா ரேடியோதான் எடுக்கல" என்று யாராவது சொன்னால் டாஷ்போர்டுக்குப் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.

ஏரியலையோ கேபிளையோ மாற்றியிருந்தால் பழைய செட்டில் ட்ரிம்மரையும் திருப்பி வைக்க வேண்டும். பெரும்பாலான அந்தக் கால செட்டுகளில் ஏரியல் சாக்கெட்டுக்குப் பக்கத்திலோ டியூனிங் குமிழுக்குப் பின்னாலோ சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே திருகு. கம்பியை முழுதாக இழுத்துவிட்டு, டயலில் 1400 பக்கம் மெலிதாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி, பிளாஸ்டிக் திருப்புளியால் மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் ஓங்கி வரும். அங்கேயே விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. வலுவான ஸ்டேஷனை வைத்துத் திருப்பினால் வித்தியாசமே தெரியாது. மெலிந்த ஸ்டேஷன்தான் உண்மை சொல்லும். இந்தத் திருகு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஏரியல் சரி, கேபிள் சரி, ஆனால் எஞ்சினைப் போட்டதும் இரைச்சல் வருகிறது என்றால் அது வேறு கதை. இங்கே மீட்டரைவிடக் காதுதான் பெரிய கருவி. எஞ்சின் ஓடும்போதே ஏரியல் பிளக்கை உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாகக் காற்றில் வருகிறது. நிற்காமல் இருந்தால் பவர் வயர் வழியாக வருகிறது. அடுத்து, வண்டியை நிறுத்திய இடத்திலேயே நியூட்ரலில் எஞ்சினை முறுக்கி, சாவியை ஒரு படி பின்னால் திருப்புங்கள். ரேடியோ ஓட வேண்டும், எஞ்சின் அணைய வேண்டும். அந்த நொடியிலேயே 'டக் டக்' சத்தம் நின்றால் அது இக்னிஷன். எஞ்சின் சுற்றித் தணியும்போது இரைச்சலும் கூடவே சுருதி இறங்கித் தேய்ந்தால் அது டைனமோ அல்லது ஆல்டர்நேட்டர்.

இக்னிஷன் இரைச்சலுக்கு மூல காரணம் பிளக்கில் அடிக்கும் தீப்பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர்தான். கார்பன் இழை ஓடும் பிளக் வயர்களும், உள்ளே 5,000 ஓம் அளவுக்கு ரெசிஸ்டர் வைத்த பிளக்கும் அந்த வீச்சை அடக்கிவிடும். பிளக்கின் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ரெசிஸ்டர் உண்டு என்று அர்த்தம். "ஸ்பார்க் நல்லா அடிக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி, செம்புக் கம்பி வயர் போட்டுக்கொண்ட வண்டிகளில் ரேடியோவைக் காப்பாற்றுவது கஷ்டம். காயிலில் ஒரு மைக்ரோஃபாரட் கண்டென்சர் போடுவதும் வழக்கம். சாவியிலிருந்து கரன்ட் வரும் முனையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். பாயின்ட் பக்கத்து முனையில் கொடுத்தால் ஸ்பார்க் பலவீனமாகி, பாயின்ட்டும் கருகிப்போகும். டைனமோவிலும் இதே எச்சரிக்கைதான்: பெரிய அவுட்புட் முனையில் கண்டென்சர் கொடுக்கலாம், ஃபீல்டு முனையில் கூடவே கூடாது. ரெகுலேட்டர் போய்விடும்.

பானெட்டையும் மறந்துவிடக் கூடாது. கீலில் கிரீஸும் பெயிண்டும் சேர்ந்து பானெட்டுக்கு எர்த் இல்லாமல் போனால், எஞ்சினுக்கு மேல் மூடியிருக்கும் அந்தத் தகரமே இக்னிஷன் இரைச்சலை வாங்கிப் பக்கத்திலிருக்கும் ஏரியலுக்குக் கொடுக்கும். பின்னல் செம்புப் பட்டை ஒன்றை பானெட்டுக்கும் பாடிக்கும் இடையே போட்டுவிட்டால் சில வண்டிகளில் பாதி இரைச்சல் அப்போதே அடங்கிவிடுகிறது.

டீசல் அம்பாசடரில் பிளக் பொறியே கிடையாது. அதில் 'டக் டக்' வந்தால் இக்னிஷனைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வைப்பர் மோட்டார், ஃபேன் மோட்டார், மீட்டர் போர்டுக்குப் பின்னால் முட்கள் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மோரிஸ் மைனர் மாதிரி எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் எஞ்சின் போடாமல் சாவியை மட்டும் திருப்பினாலே பம்ப் தட்டும் ஒவ்வொரு தட்டும் ரேடியோவில் கேட்கும். மோரிஸ் மைனர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இருக்கும். அதைப் பார்க்காமல் இந்தக் காலத்து செட்டை மாட்டினால் மாட்டிய கணமே புகைதான்.

இவையெல்லாம் பழைய எதிரிகள். இப்போது ஒரு புது எதிரி வந்திருக்கிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மொபைல் சார்ஜர். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க அதற்குள் ஒரு சர்க்யூட் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை கரன்ட்டை விட்டு விட்டு அனுப்புகிறது. அதன் சிதறல் மீடியம் வேவ் பூராவும் படர்ந்து கிடக்கும். மட்டமான எல்.இ.டி. ஹெட்லைட் பல்பும், கண்ணாடியில் தொங்கும் கேமராவும் அதே கூட்டம்தான். பத்து நிமிடம் யோசித்து முடிவுக்கு வராத இரைச்சல்கள் பல, சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றிருக்கின்றன. இப்போதெல்லாம் வண்டி வந்ததும் நான் முதலில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த சில வண்டிகளில் ஏரியல் அடியிலோ பின்கண்ணாடியிலோ ஒரு சிறு பூஸ்டர் இருக்கும். அதற்கு செட்டிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். புது செட்டின் பின்னால் தொங்கும் நீல வயர்தான் அது. மாட்டுகிறவர்கள் பல நேரம் அதை டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். பூஸ்டருக்குக் கரன்ட் இல்லாவிட்டால் ஏரியலே இல்லாதது போல மோசமாக எடுக்கும். நீல வயரைத் தேடி இணைத்தால் வேலை முடிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் சில இடங்களில் ரேடியோ விட்டு விட்டுத்தான் எடுக்கும். அதற்கு வண்டியைத் திட்டக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது பாட்டு கரகரவென்று போய்விடும். வண்டியை இரண்டரை அடி நகர்த்தினால் மறுபடி தெளிவாகும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து நேராக வரும் அலையும், கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றை ஒன்று அழிக்கும் இடம் அது. எதிரெதிர் அலைகள் மோதினால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு தரம் அப்படி ஒரு குழி விழும். ஓடும் வண்டியில் அதையே படபடப்பாகக் கேட்கிறோம். மலையை ஒட்டிய சாலைகளில், ஏதாவதொரு முகடு நமக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே வந்து நின்றால் 100.5-ம் மங்கும். அந்த இடத்தில் ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றும் வசதி செட்டில் இருந்தால் மாற்றிப் பாருங்கள். 'உஸ்' சத்தம் நன்றாகக் குறையும். 'லோக்கல்' பட்டன் அழுந்தியிருந்தால் அதையும் விடுவியுங்கள். தூரத்து ஸ்டேஷனை செட் வேண்டுமென்றே ஒதுக்கித் தள்ளுவதற்கான பட்டன் அது.

செட் உண்மையிலேயே குற்றவாளியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏரியல் பிளக்கை உருவிவிட்டு, சாக்கெட்டின் நடுத் துளையில் 75 சென்டிமீட்டர் வயரைச் செருகி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். எஃப்.எம். பாய்ந்து வந்தால் செட் நல்ல செட். அப்போதும் வரவில்லை என்றால்தான் செட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் பெரும்பாலும் உப்பிப்போன எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களோ, சாக்கெட்டில் விட்டுப்போன சால்டரிங்கோ இருக்கும். நல்ல ரேடியோ மெக்கானிக் அதை மாலைக்குள் முடித்துத் தந்துவிடுவார்.

பழைய செட்டைக் கழற்றியே தீர வேண்டும் என்ற முடிவுக்கு நீங்கள் வந்தாலும் அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஏரியல் கேபிளை வெட்ட விடாதீர்கள், பிளக்கோடு முழுதாகச் சுருட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கால கார் செட்டுகளில் காயிலுக்குள் ஃபெரைட் துண்டு நகர்ந்து ஸ்டேஷன் பிடிக்கும் டியூனர் இருக்கிறதே, அதற்கான பாகம் இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை. ஒரு செட்டிலிருந்து கழற்றித்தான் இன்னொரு செட்டைப் பிழைக்க வைக்கிறோம். உங்களுக்கு வேண்டாம் என்றால் பக்கத்தில் இருக்கும் ரேடியோ மெக்கானிக்கிடமோ என்னைப் போன்ற ஓர் எலெக்ட்ரீஷியனிடமோ கொடுத்துவிடுங்கள்.